மணிக்கு மயங்குறீங்க... கொக்கியைக் கவனிச்சீங்களா?

வீட்டிலேயே மணிக் கம்மல் செய்யலாம், வாங்க! காதும் கண்ணும் பத்திரமாக இருக்க சில யோசனைகள்...

ஒரு நவராத்திரிக்கு நான் செய்த அசட்டுத்தனத்தைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன்.

கொலுவுக்கு வருகிறவர்களுக்கு வழக்கமான பிளாஸ்டிக் டப்பா கொடுக்காமல், ‘நம்ம கையாலயே ஏதாவது செஞ்சு கொடுத்தா என்ன?’ என்று தோன்றியது. பஜாரில் கலர் கலராகப் பாசிமணி வாங்கினேன். கூடவே, மலிவாகக் கிடைக்கிறதே என்று நூறு கொக்கி அடங்கிய ஒரு பாக்கெட். பதினைந்து நாள் உட்கார்ந்து பன்னிரண்டு ஜோடி கம்மல் செய்தேன். வெற்றிலைபாக்கோடு வைத்துக் கொடுத்தபோது கிடைத்த பாராட்டு இருக்கிறதே... தலைகால் புரியவில்லை!

நாலாம் நாள் எதிர்வீட்டுப் பெண் வந்தாள். ‘‘அக்கா, கம்மல் சூப்பர். ஆனா காது ரெண்டு நாளா அரிக்குது. தண்ணி மாதிரி கசியுது...’’ என்றாள் தயங்கித் தயங்கி. அடுத்த வாரம் என் நாத்தனார் போன் செய்தார். அவருக்கும் அதே கதை.

‘மணியில ஏதோ சாயம் போல’ என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். இரண்டு பேருக்கும் நல்ல கண்ணாடி மணியாகப் பார்த்துப் புதிதாகச் செய்து கொடுத்தேன். கொக்கி? அதே பாக்கெட்தான்! மறுபடியும் அரிப்பு. கடைசியில் தோல் டாக்டரிடம் போனபோது அவர் மணியைப் பார்க்கவே இல்லை. கொக்கியைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘‘இதுல நிக்கல் இருக்கும்மா’’ என்றார்.

அன்றைக்குப் புரிந்தது. மணி காதுக்கு வெளியே ஆடுகிறது. கொக்கிதான் காதுக்குள்ளே போகிறது. கம்மலின் அழகு மணியில்; ஆரோக்கியம் கொக்கியில்!

நேற்று போட்டது... இன்று அரிக்கும்!

உலோகங்களால் வரும் தோல் அலர்ஜிகளில் முதல் இடம் நிக்கலுக்குத்தான். விலை குறைவு, பளபளப்பு அதிகம் என்பதால் ஃபேன்ஸி நகைகளில் தாராளமாகச் சேர்க்கிறார்கள். தங்க முலாம் பூசிய நகைகள் பலவற்றிலும் முலாமுக்கு அடியில் ஒரு நிக்கல் பூச்சு இருக்கும். முலாம் புதிதாக இருக்கிறவரை பிரச்னை தெரியாது. நாளாக ஆக, வேர்வையும் உரசலும் மேல்பூச்சைத் தின்றுவிடும். அப்போது நிக்கல் எட்டிப் பார்க்கும். ‘‘ஆறு மாசமா இதைத்தானே போடறேன், இப்ப என்ன புதுசா?’’ என்று பலர் குழம்புவது இதனால்தான்.

காதுக்குள் நடப்பது இதுதான். வேர்வை பட்டதும் நிக்கல் நுண்ணிய அளவில் கரைந்து தோலுக்குள் இறங்குகிறது. உடம்பின் எதிர்ப்பு சக்தி அதை எதிரி என்று தப்பாகக் குறித்து வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை நிக்கல் படும்போது சண்டைக்குக் கிளம்பிவிடுகிறது. அதன் விளைவுதான் அரிப்பு, சிவப்பு, பொடிப்பொடிக் கொப்புளம், நீர்க் கசிவு.

இதில் ஒரு தந்திரம் உண்டு. அலர்ஜி உடனே தெரியாது! பெரும்பாலும் அரை நாளிலிருந்து இரண்டு நாள் கழித்துத்தான் அரிக்கும். அதனால் கல்யாணத்துக்குப் போட்ட கம்மலை மறந்துவிட்டு, இன்றைக்குத் தேய்த்த ஷாம்பு மேல் பழியைப் போடுவோம்.

இன்னொன்று... நிக்கல் அலர்ஜி ஒருமுறை வந்துவிட்டால் அநேகமாக ஆயுசு முழுக்கக் கூடவே இருக்கும். பிறகு ஜீன்ஸ் பட்டன், வாட்ச் பின்பக்கம், பெல்ட் பக்கிள் என்று எது பட்டாலும் அரிக்கலாம். காது குத்திய புதிதில் நிக்கல் கொக்கி மாட்டுவதுதான் இதற்கு வாசல் திறந்துவிடும் முக்கியமான காரணம். அதனால்தான் ஐரோப்பிய நாடுகளில் 1994-ல் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். துளைக்குள் போகும் நகையிலிருந்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வாரத்துக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக்கூடாது என்பது அங்கே விதி.

எந்தக் கொக்கி வாங்கலாம்?

* 22 காரட் தங்கம்: பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். பழைய ஒற்றைக் கம்மல் ஏதாவது பீரோவில் தூங்கினால், ஆசாரியிடம் கொடுத்து ஒரு ஜோடி மெல்லிய கொக்கியாக மாற்றிக்கொள்ளலாம். மணியை மட்டும் மாற்றி மாற்றிப் போடலாமே!

* 92.5 வெள்ளி: மீதி 7.5 பங்கு பொதுவாகச் செம்பு. பலருக்கும் ஒத்துக்கொள்ளும். கறுத்துப் போனால் துடைத்துக்கொள்ளலாம்.

* டைட்டானியம், நியோபியம்: அலர்ஜி உள்ளவர்களுக்கு முதல் தரமான தேர்வு. ஆன்லைனில் கிடைக்கின்றன. விலை கொஞ்சம் கூடுதல்.

* சர்ஜிகல் ஸ்டீல்: இதிலும் நிக்கல் உண்டு. ஆனால் உலோகத்துக்குள் இறுக்கமாகக் கட்டுண்டு கிடப்பதால் கசிவது மிகக் குறைவு. சாதாரணத் தோலுக்குப் பரவாயில்லை. ஏற்கெனவே அலர்ஜி உள்ளவர்களுக்கு வேண்டாம்.

* ஜெர்மன் சில்வர்: பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். இதில் வெள்ளியே கிடையாது! செம்பு, துத்தநாகம், நிக்கல் சேர்ந்த கலவை இது. காதுத் துளைக்கு ஆகவே ஆகாது.

‘‘கொக்கி மேல நெயில் பாலிஷ் தடவினா சரியாப் போயிடுமே?’’ என்று கேட்பீர்கள். ஒருநாள் விசேஷத்துக்கு வேண்டுமானால் சமாளிக்கலாம். துளைக்குள் போய் வந்து உரசும்போது பூச்சு சீக்கிரம் உரிந்துவிடும். சிலருக்கு நெயில் பாலிஷே அலர்ஜி!

சந்தேகம் இருந்தால் நிக்கல் பரிசோதனைத் திரவம் விற்கிறார்கள். பஞ்சுக் குச்சியில் நனைத்து கொக்கியைத் தேய்க்க வேண்டியதுதான். பஞ்சு ரோஸ் கலராக மாறினால் நிக்கல் கசிகிறது என்று அர்த்தம்.

மணி நமக்குப் புதுசா என்ன?

கொக்கி முடிவாயிற்று. இனி மணிக்கு வருவோம். மணி கோப்பது ஏதோ வெளிநாட்டு ஹாபி என்று நினைக்க வேண்டாம். புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கும் அரிக்கமேட்டில் சுமார் இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பே கண்ணாடி மணி செய்திருக்கிறார்கள். ஈரோடு மாவட்டம் கொடுமணலில் கல்மணிகளைத் தேய்த்துத் துளை போட்ட பட்டறைகளின் அடையாளங்கள் கிடைத்திருக்கின்றன. திருவிழாக்களில் நரிக்குறவப் பெண்களின் விரல்கள் பாசிமணி கோக்கும் வேகத்தைப் பார்த்திருப்பீர்களே!

கடையில் மணி வாங்கும்போது ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். பொடிமணிகளுக்கு நம்பர் உண்டு. நம்பர் ஏற ஏற மணி சின்னதாகும். 11-ம் நம்பர் மணி சுமார் 2 மில்லிமீட்டர், 8-ம் நம்பர் சுமார் 3 மில்லிமீட்டர். முதல்முறை செய்கிறவர்கள் 8-ம் நம்பரில் ஆரம்பியுங்கள். கண்ணுக்கும் கைக்கும் சுலபம்.

வாங்க வேண்டியவை: கொக்கி, குண்டூசி மாதிரி ஒரு முனையில் தலை உள்ள ‘ஹெட் பின்’, மணிகள், நுனி உருண்டையான ‘ரவுண்ட் நோஸ் பிளையர்’, ஒரு சின்னக் கட்டர். அவ்வளவுதான்!

கம்மல் 1: பத்து நிமிஷத் தொங்கட்டான்

1. ஹெட் பின்னில் பொடிமணி ஒன்று, பெரிய மணி ஒன்று, மறுபடி பொடிமணி ஒன்று என்று கோத்துக்கொள்ளுங்கள். பின்னின் தலைக்கு மேலே முதலில் பொடிமணி இருந்தால் பெரிய மணி நழுவி விழாது.

2. கடைசி மணியை ஒட்டினாற்போல் கம்பியை ‘ட’ மாதிரி பக்கவாட்டில் மடக்குங்கள்.

3. மடக்கிய பகுதியில் முக்கால் சென்டிமீட்டர் விட்டு மீதியைக் கத்தரியுங்கள். கத்தரிக்கும்போது துண்டைக் கையால் பொத்திக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெறிக்கும்! கண்ணாடி போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

4. கம்பியின் நுனியைப் பிளையரால் பிடித்து, மடக்கியதற்கு எதிர்ப்பக்கமாகச் சுருட்டினால் அழகான வளையம் வரும். வளையம் மணிக்கு நேர் மேலே நடுவில் நிற்க வேண்டும்.

5. கொக்கியில் இருக்கும் வளையத்தைத் திறந்து இதை மாட்டுங்கள். திறக்கும்போது வளையத்தை அகட்டக்கூடாது. கதவைத் திறப்பது போல ஒரு முனையைப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். மூடுவதும் அதே மாதிரிதான். அகட்டினால் வட்டம் கெட்டுவிடும், கம்மல் பஸ்ஸிலேயே தொலைந்துவிடும்!

முக்கியமான கடைசி வேலை: கொக்கியின் நுனியை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் நகம் தேய்க்கும் அரத்தால் மழமழவென்று தேய்த்துவிடுங்கள். சொரசொரப்பான நுனி துளைக்குள் கீறும். அந்தக் கீறலில்தான் கிருமி குடியேறும்.

கம்மல் 2: முக்கோணக் குஞ்சம்

கை பழகியதும் இதைச் செய்யலாம். வேண்டியவை 11-ம் நம்பர் மணி, மெல்லிய மணி ஊசி, மணி கோக்கும் நைலான் நூல்.

முதலில் அடிவரிசை. இரண்டு மணியைக் கோத்து, முதல் மணிக்குள் மறுபடி ஊசியை விட்டு இழுத்தால் இரண்டும் அக்கம்பக்கமாக நிற்கும். இரண்டாவது மணிக்குள் மறுபடி விட்டு, மூன்றாவது மணியைச் சேருங்கள். இப்படியே ஏழு மணி வரை, ஏணிப்படி மாதிரி.

இப்போது மணிகளுக்கு நடுவே மேலே சின்னச் சின்ன நூல் பாலங்கள் தெரியும். அடுத்த வரிசைக்கு ஊசியில் இரண்டு மணி எடுத்து, இரண்டாவது பாலத்துக்கு அடியில் ஊசியை நுழைத்து, இரண்டாவது மணி வழியாகவே மேலே வாருங்கள். அதற்கப்புறம் பாலத்துக்கு ஒரு மணி. இந்த வரிசையில் ஆறு மணி வரும். வரிசையைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டே போனால் 5, 4, 3, 2 என்று தானாகக் குறைந்து முக்கோணம் கிடைக்கும். உச்சியில் நாலு மணியை வளையமாகக் கோத்து, கொக்கியை அதில் மாட்ட வேண்டும்.

கீழே குஞ்சம். நூலை ஓரமாகவே கீழே இறக்கிக்கொண்டு வந்து, அடிவரிசையின் ஒவ்வொரு மணியிலிருந்தும் 5, 7, 9, 11, 9, 7, 5 மணி கோத்து இறக்குங்கள். கடைசி மணியை விட்டுவிட்டு மற்ற மணிகளுக்குள் ஊசியைத் திருப்பி மேலே கொண்டுவர வேண்டும். ரொம்ப இறுக்கினால் குஞ்சம் ஆடாமல் விறைத்து நிற்கும். மயிரிழை தளர்வாக விடுங்கள்.

காது தாங்குமா?

இந்தக் குஞ்சக் கம்மலில் மொத்தம் 84 மணி. 11-ம் நம்பர் மணி நூறுக்கு மேல் சேர்ந்தால்தான் ஒரு கிராம்! ஆக, கொக்கியைச் சேர்த்தாலும் காதுக்கு உறைக்காது.

பெரிய மணிகளின் கதை வேறு. 10 மில்லிமீட்டர் கண்ணாடி மணி ஒன்றே சுமார் ஒண்ணேகால் கிராம். ஐந்து மணி வரிசையாகத் தொங்கினால் ஆறு கிராமைத் தாண்டிவிடும். அதே அளவு மரமணி அதில் பாதி எடைகூட இருக்காது. பெரிய டிசைன் ஆசை இருந்தால் மரமணி, பேப்பர் மணி, பட்டு நூல் சுற்றிய மணி என்று போங்கள்.

காதுச் சோணையில் குருத்தெலும்பு கிடையாது. வெறும் தோலும் கொழுப்பும் நாரிழைகளும்தான். ‘அந்தக் காலத்துல பாட்டிங்க பாம்படமும் தண்டட்டியும் போடலையா?’ என்றால், அவர்கள் சின்ன வயதிலிருந்தே துளையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிசாக்கி, காதையே அதற்குப் பழக்கினார்கள். நம்முடையது ஊசித் துளை. மெல்லிய கம்பியில் கனமான கம்மல் தொங்கினால், நூலால் சோப்பை அறுப்பது போல மெதுவாக அறுத்துக்கொண்டே வரும். ஒருநாள் குழந்தை இழுத்தாலோ, டவல் மாட்டினாலோ சோணை இரண்டாகக் கிழிந்துவிடும். மரத்துப்போகும் ஊசி போட்டு, சின்ன ஆபரேஷன் செய்து ஒட்டலாம். ஆனால் மறுபடி காது குத்த சில மாதம் காத்திருக்க வேண்டும். அதுவும் தழும்பின் மேல் குத்தாமல் பக்கத்தில் குத்துவதுதான் வழக்கம்.

துளை நீண்டு கோடு மாதிரி தெரிகிறதா? தொங்கட்டானுக்கு விடுமுறை கொடுத்துவிட்டு, சின்னத் தோடுக்கு மாறிவிடுங்கள். யாராக இருந்தாலும் தூங்கும்போதும் தலை சீவும்போதும் தொங்கட்டானைக் கழற்றிவிடுவது நல்லது. புதிதாகக் குத்திய காதில் குறைந்தது ஆறு வாரமாவது கம்மலை மாற்றவே கூடாது.

கண்ணும் கையும் கெஞ்சுகிறதா?

மணி கோக்க உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது. எண்ணி எண்ணிக் கோக்கும்போது மனசு வேறு பக்கம் ஓடாது. டென்ஷன் தணியும். அது நல்லதுதான். ஆனால் ‘இந்த ஒரு வரிசை முடிச்சிடறேன்’ என்று இரண்டு மணி நேரம் குனிந்திருந்தால் கழுத்து சும்மா விடுமா?

* இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து, இருபது அடிக்கு அப்பால் இருக்கும் எதையாவது இருபது விநாடி பாருங்கள். நாலு தடவை கண் சிமிட்டுங்கள்.

* மணியைக் குனிந்து பார்க்காதீர்கள். தட்டை உயரமான மேஜையில் வைத்துக்கொள்ளுங்கள். தட்டில் ஒரு வெல்வெட் துணி விரித்தால் மணி உருளாது.

* வலது கைப் பழக்கம் என்றால் விளக்கு இடது பக்கம் இருக்கட்டும். கை நிழல் விழாது.

* ஊசியில் நூல் கோக்கக் கையை நீட்டி நீட்டிப் பார்க்கிறீர்களா? வயது நாற்பதை நெருங்கினால் அது வெள்ளெழுத்து. கூச்சப்படாமல் கண்ணைச் சோதித்து, படிக்கும் கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள்.

* பிளையர் பிடித்துப் பிடித்துக் கட்டைவிரல் அடியில், மணிக்கட்டுப் பக்கம் வலித்தால் சில நாள் ஓய்வு. அப்படியும் வலித்தால் டாக்டர்.

வீட்டில் வாண்டு இருக்கா?

அப்படியானால் மணி டப்பாவுக்கு மூடி மட்டும் போதாது. எட்டாத உயரமும் வேண்டும். வேலை முடிந்ததும் தரையில் டார்ச் அடித்துப் பாருங்கள். தவறி உருண்ட மணி மின்னிக் காட்டிக்கொடுக்கும்.

மணி மூக்கிலோ காதிலோ போய்விட்டால் ஹேர்பின், பட்ஸ் என்று எதையும் விட்டு நோண்டாதீர்கள். உருண்டையான பொருள் இன்னும் உள்ளேதான் போகும். நேராகக் காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் போய்விடுங்கள். குழந்தைக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தாலும் ‘உள்ளே ஏதாவது மாட்டியிருக்கா?’ என்று சந்தேகப்பட வேண்டும். மணி புரையேறி மூச்சுத் திணறினால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி.

இரண்டு பொருள்கள் வீட்டுக்குள்ளேயே வர வேண்டாம். ஒன்று, காந்தக் கம்மல். இரண்டு காந்தத்தைக் குழந்தை விழுங்கினால் குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்து, ஓட்டையே போட்டுவிடும். இன்னொன்று குன்றிமணி. சிவப்பும் கறுப்புமாக அழகுதான். ஆனால் உள்ளே இருப்பது அப்ரின் என்ற கடும் விஷம். கெட்டியான தோல் முழுசாக இருக்கும்வரை விஷம் அடங்கிக் கிடக்கும். நாம் கோப்பதற்காகத் துளை போட்டால் அந்தக் கவசம் போய்விடுகிறதே!

விலாசம் தெரியாத மலிவு உலோக டாலர்களும் வேண்டாம். ஈயம் கலந்திருக்கலாம். 2006-ல் அமெரிக்காவில் நாலு வயதுப் பையன் ஒருவன் ஈயத்தாலான நகை டாலரை விழுங்கி இறந்தே போனான்.

உங்கள் சந்தேகங்கள்...

‘‘அலர்ஜியா, சீழ் பிடிச்சிருக்கா... எப்படிக் கண்டுபிடிக்கிறது?’’

அலர்ஜியில் அரிப்பு தூக்கலாக இருக்கும்; பெரும்பாலும் இரண்டு காதிலும் வரும். கிருமி தாக்கியிருந்தால் வலி, சூடு, வீக்கம், சீழ் என்று வரும். அலர்ஜி என்றால் முதலில் கம்மலைக் கழற்றுங்கள். சீழோ காய்ச்சலோ இருந்தாலும், காது குத்திய புதிதாக இருந்தாலும் கழற்றுவதற்கு முன் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சோணையை விட்டு மேல் மடலில் வீங்கினால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். அங்கே குருத்தெலும்பு இருப்பதால் ஆறுவது கஷ்டம்.

‘‘எனக்கு நிக்கல் அலர்ஜிதானான்னு உறுதியாத் தெரிஞ்சுக்கலாமா?’’

தோல் டாக்டர்கள் ‘பேட்ச் டெஸ்ட்’ செய்வார்கள். முதுகில் மருந்து வைத்த பட்டியை ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். அதற்கப்புறமும் இரண்டொரு நாளில் மறுபடி பார்ப்பார்கள்.

‘‘காது சரி... கழுத்தில் ஏன் தடிக்குது?’’

நீளமான தொங்கட்டானில் உலோகப் பாகம் கழுத்தில் உரசினால் அங்கேயும் அலர்ஜி வரும். கழுத்தைத் தொடும் நுனியில் மணி மட்டும் இருக்கிற மாதிரி செய்யுங்கள். இந்தக் குஞ்சக் கம்மல் அதற்குத் தோது.

‘‘எப்படிச் சுத்தம் செய்யறது?’’

கொக்கியை மட்டும் சர்ஜிகல் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். கம்மலை முக்கி எடுத்தால் சில மணிகளின் சாயம் போய்விடும். ஒருத்தர் கம்மலை இன்னொருத்தர் போட வேண்டாம், அக்கா தங்கையாக இருந்தாலும்!

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? கம்மலைக் கழற்றி, டாக்டர் கொடுத்த களிம்பைப் போட்டதும் காது ஆறிவிட்டது. ஆனால் அலர்ஜி போகவில்லை, போகவும் போகாதாம். ‘‘விடுங்கக்கா, தெரியாம நடந்ததுதானே’’ என்று அவள் சிரித்துவிட்டாள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. மீதி இருந்த கொக்கிகளைக் குப்பையில் கொட்டினேன். பன்னிரண்டு வீட்டுக்கும் நானே போய்ச் சொல்லிவிட்டும் வந்தேன்.

இப்போதும் கொலுவுக்கு மணிக் கம்மல்தான் கொடுக்கிறேன். ஆனால் ஒவ்வொரு ஜோடியோடும் ஒரு சின்னச் சீட்டு கட்டியிருக்கும். ‘கொக்கி: 92.5 வெள்ளி’ என்று. நீங்களும் யாருக்காவது செய்து கொடுத்தால், மணி என்ன கலர் பிடிக்கும் என்று கேட்பதற்கு முன்னால் ‘உங்க காதுக்கு எது ஒத்துக்கும்?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.